ஒற்றைக் கையுறை

மெம்ஃபிஸ்,
9 மார்ச் 1968

அன்புள்ள அம்மாவுக்கு, உன் மகள் வெர்னெல் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? ஆலய வாசலில் ரொம்ப நேரம் நிற்காதே. எனக்கு இருமல் விட்டுவிட்டது.

நேற்று ரெக்கார்டிங்கில் சின்னச் சச்சரவு, பயப்படாதே. குழுத் தலைவர் லூஷியஸ், "பொம்பளைக்கு டிரம்ஸ் எதுக்கு? போய்ப் பின்பாட்டு பாடு" என்றார். நான் டிரம்ஸ் முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை. அடித்த பிறகும் டிரம்மின் ஓசை அடங்காமல் நீண்டது. அதை அடக்க ஆண்கள் பின்பாக்கெட் பர்ஸை எடுத்து டிரம்மின்மேல் வைப்பார்கள். "இவகிட்ட ஏது பர்ஸு?" என்று சிரித்தார்கள். ஆலயத்தில் ஆட்களை உட்காரவைக்கும்போது நீ போடும் வெள்ளைக் கையுறையில் ஒன்றை ஊரிலிருந்து எடுத்து வந்திருந்தேன், மன்னித்துவிடு. அதை டிரம்மின்மேல் ஒட்டிவிட்டு அடித்தேன். சிரித்தவர்களின் கால்களெல்லாம் தாளம் போட்டன.

"பாட்டு சரி. ஆனா ரெக்கார்டு உறையில உன் பேரு வராது" என்றார் லூஷியஸ்.

"அப்ப நாளைக்கு நீங்களே அடிச்சுக்குங்க" என்றேன்.

முறைத்துக்கொண்டே உறைக்கான தாளில் எழுதினார்: வெர்னெல் பூன், டிரம்ஸ்.

ஆலயத்துக்கு வெளியே பாடுவதெல்லாம் சாத்தானின் பாட்டு என்று நம் பாஸ்டர் பேசினால் பேசட்டும். அவர் வீட்டு ரேடியோவிலும் நான்தான் அடிப்பேன்.

உனக்குப் புது ஜோடிக் கையுறை அனுப்பியிருக்கிறேன். அந்த இன்னொரு கையுறையையும் எனக்கே அனுப்பிவிடு. கச்சேரிக்குப் போகும் எங்கள் குழுவின் பஸ் ஹாரன் அடிக்கிறது, அம்மா. அந்தக் கையுறையைத் துவைத்துவிடாதே, உன் கை வாசனை போய்விடும்.

வெர்னெல்