பொன்னிக்கு நீங்கள் கொண்டுவந்த சாமைச்சோறு

எழுதுவதற்கு மன்னியுங்கள், அக்கா. இருந்தபோதே உங்களுக்குப் படிக்கத் தெரியாது; இப்போது நீங்களே இல்லை. அடுப்பில் சாமை கொதிக்கும் வாசனை வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

போன மாதம் தங்கை பொன்னிக்கு மாத்திரை வாங்க மலையிறங்கி வந்தபோதுதான் நீங்கள் இறந்துபோனதை ஆஸ்பத்திரி வார்டில் சொன்னார்கள். உங்கள் வாளியும் துடைப்பமும் வேறோர் ஆயாவின் கையில் இருந்தன.

நான் பி.ஏ. முடித்த வருஷம் அவளை முதலில் சேர்த்தோம். அவளுக்குப் பதினொரு வயது. பேச்சு வராது. சுவரில் மோதி மோதி நெற்றி புண்ணாகியிருந்தது. குழந்தைகள் மனநல வார்டின் மேசையில் நர்ஸ், "வீட்டுல என்னம்மா சாப்பிடுவா?" என்றார். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் இட்லி, தோசை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான்; எங்கள் சோற்றின் பேரைச் சொல்லக் கூச்சம். "இட்லி, அரிசிச்சோறு, எல்லாம் சாப்பிடுவாளுங்க" என்றேன். பண்டிகை நோம்பிக்கு அரிசிச்சோறு தின்கிறவள்தானே, பசித்தால் தின்பாள் என்று நினைத்தேன்.

பொன்னி எதையும் முகர்ந்து பார்த்துத்தான் வாயில் வைப்பாள். முகர்ந்தாள், தட்டைத் தள்ளினாள். மூன்று நாள். தாளில் 'உணவை மறுக்கிறாள்' என்று எழுதி மருந்தை மாற்றினார்கள். நாளைக்கும் சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்று நாலாம் நாள் டாக்டர் சொன்னார்.

அவர் போனதும் வாளியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

"ஏங்கண்ணு, நெசமாச் சொல்லு. ஊட்டுல என்னதான் திம்பா?"

"சாமைச்சோறுங்க."

"அட கிறுக்கு! இதச் சொல்ல நாலு நாளா? நான் மட்டும் பொறந்ததுலருந்து நெல்லுச்சோறா தின்னேன்?"

மறுநாள் காலையில் தூக்குப்போசியோடு வந்தீர்கள். மூடியைத் திறந்ததும் பொன்னி முகர்ந்தாள், போசியையே பிடுங்கிக்கொண்டாள்.

"மெதுவாத் தின்னு சாமி, போசியாச்சும் மிஞ்சட்டும்."

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று நர்ஸ் கேட்டார். "இந்தப் புள்ள எங்கிட்டச் சொல்லுச்சுங்க, நாந்தான் மறந்துட்டேனுங்க" என்று நீங்கள் திட்டு வாங்கினீர்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் தாளில் 'உணவை மறுக்கிறாள்' என்ற வரியை அடித்துவிட்டார். பிறகு என்னிடம் சொன்னீர்கள்: "அவளுக்கும் சேத்து ஒனக்கு ஒரு வாய்தான் இருக்குது. சத்தமாச் சொல்லோணும்."

திங்கட்கிழமை அவளை மறுபடி சேர்க்கிறோம். இப்போது பதினாறு வயது. சாமையைத் துணியில் கட்டியாயிற்று. இம்முறை சொல்ல வேண்டியது சோற்றைவிடக் கூச்சமானது. மாதவிலக்கு நாட்களில்தான் தன்னை அடித்துக்கொள்கிறாள். வைத்துவிடும் துணியைக் கிழித்து எறிகிறாள். வரிசையில் ஆண்களும் நிற்பார்கள். அப்பாவும் பக்கத்தில் இருப்பார்.

இவ்வளவும் இதைக் கேட்கத்தான் எழுதினேன். நான் அந்த மேசை முன்னால் நிற்கும்போது, வாளியைக் கீழே வைத்துவிட்டு என் பின்னால் வந்து நில்லுங்கள், அக்கா.