யாரென்று தெரியாமலே வேண்டாம் என்றவள்

போன வாரம் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் பக்கத்தில் இருந்த பெண் ஒரு ஆரஞ்சை உரித்தாள். தோலின் வாசனை மூக்கில் ஏறியதுமே மனம் துள்ளியது. எதற்கு இந்தச் சந்தோஷம் என்று எனக்கே புரியவில்லை. இரண்டு வளைவு கடந்த பிறகுதான் நீ நினைவுக்கு வந்தாய். மலை ஏறும்போதெல்லாம் குமட்டலுக்கு ஆரஞ்சுத் தோலை முகர்ந்துகொண்டு, "இந்தா புள்ள, நீயும் மோந்துக்கோ" என்று என் மூக்கிலும் வைத்து அழுத்துவாயே, அந்த நீ.

முதலில் சந்தோஷம் வந்தது, காரணம் பிறகுதான் வந்தது. மனதில் படுவதும் நினைவில் நிற்பதும் தலைக்குள் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்று உன்னை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். ஊரே அதை நம்ப மறுத்தபோது உன் பக்கம் நின்றேன். இன்றும் அங்கேதான் நிற்கிறேன்.

வாழப்பாடிப் பக்கமிருந்து மலைமேல் இருக்கும் எங்கள் நாகலூருக்கு மணமாகி வந்தவள் நீ. உன் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் நிழல் மரங்களுக்குக் கிளை கழிப்பவர். நீ காப்பிப் பழம் பறிக்கப் போனாய். அங்கன்வாடியில் வேலை பார்த்த எனக்கும் உனக்கும் நடுவே ஒரு சுவர்தான். அடி விழும் சத்தம் அந்தச் சுவரைத் தாண்டி வரும். மறுநாள் கேட்டால், "வழுக்கி உழுந்துட்டேன்" என்பாய். இடது மணிக்கட்டு உடைந்தபோதும் அதையேதான் சொன்னாய். அது கோணலாகவே கூடியது.

உன் பையன் குமரேசன் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அந்த ஆள் அவன் மேலும் கை வைத்தார். அன்று நீ வழுக்கி விழவில்லை. அவர் துணிமணிகளை அள்ளி வாசலில் போட்டாய். "இனிமே இந்த ஊட்டுப் படி ஏறாதே" என்று தெருவே கேட்கச் சொன்னாய். அவர் செம்மநத்தத்தில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போனார். அதுவரை அவரை அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த நான், அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

பிறகு எத்தனை வருஷம் நீ நிம்மதியாக இருந்தாய்! பையனை வளர்த்தாய், திருப்பூரில் வேலைக்கு அனுப்பினாய், கல்யாணமும் செய்துவைத்தாய். பழம் பறித்துக்கொண்டே ராகமில்லாமல் பாடுவாய். நிறுத்து என்றால் இன்னும் சத்தமாகப் பாடுவாய்.

அப்புறம்தான் அந்த மூளைக் காய்ச்சல். சேலத்து ஆஸ்பத்திரியில் நீ கண் விழித்தபோது குமரேசனைப் பார்த்து, "ஏனுங்க தம்பி, எங்கம்மா எங்க?" என்றாய். பிறந்த ஊர் நினைவிருந்தது. அந்த ஊர்க் கிணறுகூட நினைவிருந்தது. நாகலூர் இல்லை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, நானும் இல்லை. "எனக்கு இன்னும் கல்யாணமே ஆவலீங்களே" என்று வெட்கப்பட்டாய். கண்ணாடியில் நரைத்த தலையைக் கண்டு அலறினாய். ஐந்து நிமிஷத்துக்கு முன் சொன்னதும் உனக்குத் தங்கவில்லை.

உன்னை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு தினமும் வந்து உட்காருவேன். தினமும் புதிதாக, "நீங்க யாருங்க?" என்பாய். நான் போன பிறகு வந்தது யார் என்று குமரேசன் கேட்டால், "யாரும் வரலீங்களே" என்பாயாம். ஆனால் நான் வந்துபோனால் பொழுது சாயும் வரை பாடிக்கொண்டே இருப்பாய் என்று அவன்தான் சொன்னான்.

அவன் எத்தனை நாள் வேலையை விட்டுவிட்டு இருப்பான்? மனைவியை அங்கே விட்டுவிட்டு இங்கே உன்னோடு தவித்தான். ஒருநாள் என் வீட்டுக்கு வந்து தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"பெரிம்மா, அப்பாவைக் கூட்டியாந்து அம்மாகூட வெச்சிரலாம்னு இருக்கேன். அவரும் பெரியப்பா ஊட்டுல தனியாத்தான் கெடக்கறாரு. இப்ப குடிக்கறதுகூட இல்லீங்க."

"உங்கம்மா வேண்டாம்னு தொரத்துன ஆளு கண்ணு அவரு."

"அம்மாவுக்குத்தான் எதுவும் ஞாபகமில்லையே பெரிம்மா. மறந்ததுக்கு அப்புறம் என்னங்க?"

அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்த ஆள் வந்தார். வெள்ளை வேட்டியில், தளர்ந்த நடையில், பார்க்கப் பாவமாகத்தான் இருந்தார். நீ அவரைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்றாய். குமரேசன் என்னை ஜெயித்துவிட்டவன் போலப் பார்த்தான்.

அவர் உனக்குக் காப்பி டம்ளரை நீட்டினார். நீ வாங்கவில்லை. இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாய். ஏன் என்று கேட்டதற்கு, "சூடா இருக்குதுங்க" என்றாய். நான் தொட்டுப் பார்த்தேன். ஆறிப்போயிருந்தது. அதே காப்பியை நான் கொடுத்ததும் குடித்தாய். அவர் உள்ளே வரும்போதெல்லாம் நீ சுவரோரம் நகர்ந்தாய். கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னாய். காற்று வருகிறது என்றாய், இடம் போதவில்லை என்றாய். உண்மைக் காரணம் உனக்கே தெரியாது. பாடுவதை அடியோடு நிறுத்திவிட்டாய்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு நானும் வந்தேன். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோணல் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துவிட்டுக் குமரேசனிடம் பேசினார்.

"நடந்ததைப் பதிஞ்சு வைக்கிற இடம் அம்மாவுக்குக் கெட்டுப்போச்சு. ஆனா இது பயப்பட வேண்டியதுன்னு பழகி வைக்கிற இடம் வேற. அது அவங்களுக்கு நல்லாவே வேலை செய்யுது. யார் அடிச்சாங்கன்னு தெரியாது. அந்த பயம் மட்டும் இன்னும் இருக்கு."

திரும்பும் பஸ்ஸில் அவன் உன் இடது கையைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

மறுநாள் உன் வீட்டில் உறவெல்லாம் கூடியது. அந்த ஆளின் அண்ணன், செம்மநத்தத்துப் பெரியவர், என்னைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார். "அவளே மறந்துட்டா. உனக்கென்னம்மா நோவுது? பழசைக் கிளறிக்கிட்டு?"

"அவ மறக்கலீங்க. அவ கையைப் பாருங்க" என்றேன். "ஞாபகம் போயிருச்சுன்னா பட்டதெல்லாம் இல்லேன்னு ஆயிருமா? இந்த ஊட்டுல யாரு இருக்கோணும்னு அவளையே கேளுங்க."

சிரித்தார்கள். நினைவில்லாதவளிடம் என்ன கேட்பது? குமரேசன் மட்டும் சிரிக்கவில்லை. உன் முன்னால் குந்தி உட்கார்ந்து கேட்டான். "அம்மா, இவரு இங்கயே இருக்கட்டுமா?"

நீ அந்த ஆளை நெடுநேரம் பார்த்தாய். நெற்றி சுருங்கியது. தேடிப் பார்த்தாய், எதுவும் கிடைக்கவில்லை. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாய்.

"இவரு யாருன்னு எனக்குத் தெரியலீங்க. ஆனா வேண்டாம்."

"தெரியாதவங்களை ஏம்மா வேண்டாங்கற?" என்றார் பெரியவர்.

"தெரியலீங்க. வேண்டாம்னா வேண்டாம்."

குமரேசன் எழுந்து அப்பாவின் பையை எடுத்துக்கொண்டான். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து உன் மடியில் தலை வைத்து அழுதான். யாரென்று தெரியாமலே, "அழுவாத சாமி" என்று அவன் தலையைக் கோதினாய். திருப்பூர் வேலையை விட்டான். மனைவியை இங்கே கூட்டிவந்தான், எஸ்டேட் ஜீப் ஓட்டினான். நீ மறுபடியும் பாட ஆரம்பித்தாய், அதே ராகமில்லாத பாட்டை.

நீ கண் மூடிய அன்றும் ஒரு சண்டை இருந்தது. புருஷன் உயிரோடிருக்க, சுமங்கலியாகப் போகிறவள், அவன் கையால் பூவும் பொட்டும் வைக்கட்டும் என்றார்கள். அவரும் குங்குமத்தோடு வந்து நின்றார். நான் உன் தலைமாட்டில் நின்று, "அவ வேண்டாம்னு சொன்னது எல்லாரும் கேட்டதுதானே" என்றேன். குமரேசன் குங்குமத்தை வாங்கி அவனே உனக்கு வைத்தான்.

இப்போதும் அந்த ஆள் எதிரே வந்தால் நான் விலகித்தான் போகிறேன். வயதான மனுஷன், ஒரு வார்த்தை பேசினால் என்ன என்கிறார்கள். மன்னிக்க வேண்டியவள் நீ. உன்னிடம் கேட்டார்கள், நீ பதில் சொல்லிவிட்டாய். அதை மாற்ற எனக்கு என்ன உரிமை?

உன் கடைசி வாரத்தில் ஒருநாள் வழக்கம்போல, "நீங்க யாருங்க?" என்றாய். பெயரைச் சொன்னேன். உதட்டைப் பிதுக்கினாய். சரி, தூங்கட்டும் என்று எழுந்தேன். அந்தக் கோணல் கையால் என் சேலையைப் பிடித்துக்கொண்டாய்.

"யாருன்னு தெரியலீங்க. ஆனா போயிராதீங்க."

நான் போகவில்லை.