பதினொன்றாம் பக்கத்துக் கையெழுத்து

என் செல்லப் பெண்ணுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எனக்கு ஒன்றுமில்லை, உன் அண்ணனும் வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய் வருகிறான். நலமா என்று எல்லாக் கடிதத்திலும் வழக்கத்துக்குக் கேட்பேன், இந்தத் தடவை வழக்கத்துக்காக இல்லை கண்ணு, நிஜமாகவே கேட்கிறேன், உடம்பு எப்படி இருக்கிறது.

வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்த கிராமத்தில் தங்கியிருக்கிற அறை ஒழுகுகிறது, காகிதம் நனைந்துவிடும், காலேஜில் கொடுக்கிறவரை பத்திரமாக வைத்திரு என்று பஸ் டிரைவரிடம் நீ கொடுத்துவிட்ட டைரிப் பக்கங்கள் நேற்றுக் காலை வந்து சேர்ந்தன. நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் உன் படிப்பே முடிந்துவிடும் என்று மாடி வீட்டு நர்ஸக்காவைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நிர்வாகம் படிக்கிற பெண்ணிடம் அந்த ஆட்டுக்காரம்மா பதினோரு ஆட்டைக் கொடுத்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொள் என்றாளாம், நீ இரண்டைத் தொலைத்துவிட்டு நின்றாயாம், நர்ஸக்கா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்துவிட்டது. சொசைட்டியில் பால் ஊற்ற வருகிறவர்கள் வரிசையில் நிற்பது வீண் நேரம் என்று முதல் நாள் எழுதியிருக்கிறாய், ஏழாம் நாள் அதை அடித்துவிட்டு, அந்த வரிசையில்தான் யார் வீட்டில் மாடு கன்று போட்டது, யாருக்கு முடியவில்லை என்பதெல்லாம் தெரிகிறது, இதைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டிருக்கிறாய். தெருக்கோடி வீட்டுக்காரி, நீ கேட்கிற நாற்பது கேள்வியும் கேட்டு முடித்ததும், இதனால் எங்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டாள், எனக்குப் பதில் வரவில்லை என்று எழுதியிருந்ததை நர்ஸக்காவை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். பதில் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள ஒரு மனசு வேண்டும். உன் அப்பா இருந்திருந்தால் அந்த இடத்தைத் தெருவுக்கே படித்துக் காட்டியிருப்பார்.

ஆனால் அதற்குள் நான் வேறொன்றைப் பார்த்துவிட்டேன். உனக்குத்தான் தெரியுமே, பத்தொன்பது வருஷமாகத் தையல் கம்பெனியில் எனக்குச் செக்கிங் மேஜைதான். சட்டையை விரித்ததும் தையல் போகிற போக்கிலேயே, இது காலையில் தைத்ததா, ஆள் களைத்துப்போய்ச் சாயங்காலம் தைத்ததா என்று சொல்லிவிடுவேன். உன் எழுத்து பத்தாம் பக்கம்வரை கோடு போட்ட மாதிரி நேராகப் போகிறது. பதினொன்றில் வரி வலது பக்கம் கீழே இறங்குகிறது, பன்னிரண்டில் எழுத்து ஒன்றோடொன்று ஒட்டவில்லை, பதினான்கில் பேனாவை அழுத்தவே இல்லை. வரிசையா வருவோமே, ஆடு இன்னும் கிடைக்கலையே என்றாள் நர்ஸக்கா. ஆடு கிடக்கட்டும், பதினொன்றைப் படி என்றேன். இன்று லேசாகக் காய்ச்சல், பதினான்கு வீடு முடித்தேன் என்று இருந்தது. அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை பக்கத்திலும் காய்ச்சல், பன்னிரண்டு வீடு. ஞாயிற்றுக்கிழமை பக்கத்திலும் இருக்கிறது, அன்றைக்குத்தான் சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டிப் படியில் ஏறி நின்று நல்லா இருக்கேன்மா என்று எனக்குப் போன் பண்ணினாய். திங்கட்கிழமை ஐந்து வீடுதான். இன்று புதன், ஆறாவது நாள். நேற்றிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன், போகவில்லை. சிக்னல் இல்லையா, படி ஏற உனக்குத் தெம்பு இல்லையா என்று நினைக்க நினைக்க என் எழுத்தும் எங்கெங்கோ போகிறது பார். ஐந்து நாளைத் தாண்டினால் ரத்தம் பார்க்காமல் விடவே கூடாது என்று நர்ஸக்கா கண்டிப்பாகச் சொல்கிறாள்.

நான் எழுதித் தருகிறேன் என்றுதான் அவள் சொன்னாள். வேண்டாம் என்றேன், எத்தனை நேரம் ஆனாலும் நானேதான் எழுதுகிறேன், இனிமேல் எழுதப்போவது அவளுக்கும் தெரியாது. அப்பாவுக்குத் திடீரென்று ஆகிவிட்டது என்று உனக்குச் சொன்னோம், நீ ஹாஸ்டலிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. திடீரென்று இல்லை பாப்பா. நாலு நாள் காய்ச்சலோடு பம்ப் ஹவுஸுக்குப் போனார், மாற்று ஆள் வரவில்லை, நான் போகாவிட்டால் ஊருக்குத் தண்ணீர் ஏறாது என்பார், கேட்டால் ஒண்ணுமில்லை என்பார். சனிக்கிழமை காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "இன்னைக்கு லீவு போட்டுடட்டுமா?" என்று என்னைக் கேட்டார். அவர் அப்படிக் கேட்கிற ஆளே இல்லை. நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், திரும்பிக்கூடப் பார்க்காமல், "இன்னைக்கு ஒரு நாள் போயிட்டு வந்துடுங்க, நாளைக்கு ஞாயிறுதானே" என்றேன். மாத்திரையும் சுடுதண்ணீரும் கொடுத்து நான்தான் அனுப்பினேன். ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். எட்டு மாதமாக இதை யாரிடமும் சொல்லவில்லை, உன் அண்ணனுக்கும் தெரியாது. உனக்குச் சொல்லவே கூடாது என்றுதான் இருந்தேன், சொல்லாவிட்டால் நீ அம்மாவின் வழக்கமான பயம் என்று கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மீதி வீட்டுக்குக் கிளம்பிவிடுவாய். பாதியில் விட்டால் அடுத்த வருஷம் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று உங்கள் சார் சொன்னதாக எழுதியிருக்கிறாய். செய்துகொள்ளலாம், அடுத்த வருஷம் எங்கே போய்விடும்.

இந்தக் கடிதம் அதே டிரைவரிடம் போகிறது, நாளைக் காலையில் உன் கைக்கு வந்துவிடும். படித்ததும் எழுந்து, அந்த ஆட்டுக்காரம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ, ஆட்டைத் தொலைத்த உன்னை அவள் தொலைக்கமாட்டாள். என்மேல் உனக்குக் கோபம் வரும், வரட்டும், நியாயம்தான், ரத்தம் கொடுத்துவிட்டு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கோபித்துக்கொள். வெள்ளிக்கிழமை டிரைவர் திரும்பும்போது ஆஸ்பத்திரிச் சீட்டு அவர் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கே கிளம்பி வந்துவிடுவேன், சூப்பர்வைசரிடம் சொல்லியாகிவிட்டது. லீவு எதற்கு என்று கேட்டார், போன தடவை போடாமல் விட்ட லீவு சார் என்றேன், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், அது போதும் எனக்கு. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, நல்லா இருக்கேன்மா என்று மட்டும் சொல்லாதே, உள்ளதைச் சொல்.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா