கயல் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும்

பட்டினப்பாக்கம்

அன்பு மகள் கயலுக்கு அம்மா சொல்லச் சொல்ல உன் தம்பி பாரத் எழுதுவது. (அடைப்புக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. முதலில் ஓர் அரசு அறிவிப்பு: நம் வீட்டு மிக்ஸி மூடி மறைந்து இன்றோடு பன்னிரண்டு நாள். தேடுதல் வேட்டை தொடர்கிறது. துக்கம் முடியும்வரை சட்னி ரத்து.) இங்கே நாங்கள் மூன்று பேரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க முண்டகக்கண்ணியம்மனை வேண்டிக்கொள்கிறேன். வெயிலில் குடையில்லாமல் டூட்டிக்குப் போகாதே.

போனில் சொன்னால் எனக்கு அழுகை வந்துவிடும், அதோடு இதனுடன் வைத்திருக்கிற பேங்க் தாளில் நீ பேனாவால் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், அதனால்தான் கடிதம். அப்பா படகுக்கு எஞ்சின் வாங்க நீ அனுப்பிய பணம் நம் இரண்டு பேர் கணக்கில் அப்படியே கிடக்கிறது, எடுக்க முடியவில்லை. மந்தைவெளி பேங்கை மூடி அடையாறு கிளையோடு சேர்த்துவிட்டார்கள், அதற்குள் ஆதார் நகல் கொடுக்காதவர்கள் கணக்கையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். கடைசித் தேதி போன மாசமே முடிந்துவிட்டதாம், எங்களுக்கு யாருமே சொல்லவில்லை, பக்கத்தில் மீன் விற்கிற தாயம்மாவுக்கும் இதே கதிதான். முன்பெல்லாம் கூடையை இறக்கிவைத்துவிட்டு நடந்தே போவேன், கவுன்டரில் இருந்த வசந்தி மேடம் என் முகத்தைப் பார்த்ததும் சலானை எழுதிக் கொடுத்துவிடுவார். இப்போது அங்கே ஒரு ஏடிஎம் மட்டும் இருக்கிறது. (கிளையை வெட்டினால் காக்கா எங்கே உட்காரும்? ஏடிஎம்மில் ஏசி மட்டும் ஜோர், இரண்டு நாய்கள் கணக்குத் திறந்துவிட்டன.)

கைரேகை வைத்தால் சரியாகிவிடும் என்றார்களே என்று கலீமுல்லா பாயின் ரீசார்ஜ் கடைக்குப் போனேன். பாய் என் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்துவிட்டு, இன்னாம்மா, செதில் தேய்ச்சு தேய்ச்சு ரேகையே காணாம பூட்ச்சு, மெஷினு உன்ன யாருன்னு கேக்குது என்றார். பட்டினப்பாக்கமே என்னைத் தெரியும்னுது, இந்த டப்பாவுக்கு மட்டும் தெரியலையா நைனா என்றேன். அடையாறுக்கு மூன்று தடவை போனேன். ரேகை விழாவிட்டால் போனுக்கு வருகிற நம்பரைச் சொல் என்கிறார்கள், அது நீ இங்கே வைத்திருந்த பழைய போனுக்குப் போகிறது, அது செத்துப்போய் வருஷமாகிறது. போன் நம்பரை மாற்றிக் கொடுங்கள் என்றால் ரேகை வை என்கிறார்கள். எந்தக் கதவைத் தட்டினாலும் முந்தின கதவுக்கே அனுப்புகிறார்கள். கடைசியில் மேனேஜர் அச்யுத் சார்தான் இரக்கப்பட்டு, கணக்கில் பேர் இருக்கிற நீ கையெழுத்துப் போட்டால் திறந்துவிடலாம் என்று இந்தத் தாளைக் கொடுத்தார். (நான் கூடப் போயிருந்தால் ஒரே நாளில் முடித்திருப்பேன். இந்தக் குடும்பத்தில் இங்கிலீஷ் படிக்கிற ஒரே ஆள் நான்தான். கொடுக்காமல் வாங்கிக்கொண்டே இருப்பதால்தான் அதற்கு வங்கி என்று பேர் என்பதையும் கண்டுபிடித்திருக்கிறேன்.)

அப்பா இப்போது நாகராஜ் படகில் கூலிக்குப் போகிறார். போன வருஷம் வரை அவன் நம்மிடம் கூலிக்கு வந்தவன். இன்னாண்ணே, உன் பொண்ணு துட்டு மஸ்கட்லேர்ந்து நீந்திக்கினு வருதா என்று எல்லோர் முன்னாலும் கேட்டானாம், அன்றைக்கு அப்பா சோறு சாப்பிடவில்லை. எஞ்சின் கடைக்காரர் நாம் பேசிவைத்த எஞ்சினை மாசக் கடைசி வரைதான் நிறுத்திவைப்பேன் என்கிறார்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் வேலையும் உடம்பும் நிலைக்க வேண்டும். பென்சில் குறி போட்ட இரண்டு இடத்திலும் பேங்கில் போட்ட பழைய கையெழுத்தையே போடு, இப்போது போடுகிற சுழி வேண்டாம்.

உன் அம்மா,
ஜோதிலட்சுமி

அக்கா, அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள், இதை அவளுக்குப் படித்துக் காட்ட மாட்டேன். யாருமே சொல்லவில்லை என்றாளே, சொல்ல வேண்டியவன் நான்தான். மூடுவதற்கு முன்னாலேயே பேங்க் கதவில் இங்கிலீஷில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அம்மாவும் தாயம்மா அத்தையும் கூடையோடு நின்று, இன்னாடா போட்டுக்கீது, படி என்றார்கள். நான் கல்யாணப் பத்திரிகை மாதிரி ராகம் இழுத்து, மந்தைவெளி மணமகளுக்கும் அடையாறு மணமகனுக்கும் திருமணம், மொய் வேண்டாம், அனைவரும் வருக என்று படித்தேன். ரோடே சிரித்தது. ஆதார் கொடுக்க வேண்டிய கடைசித் தேதி அதற்குக் கீழே இரண்டு வரியில் இருந்திருக்கிறது. எனக்கு அந்த இங்கிலீஷ் புரியவில்லை அக்கா. புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால்தான் கல்யாணம் செய்துவைத்தேன்.