கண்மூடி எறிந்த குச்சிகள்

ஏப்ரல் 9

இந்த வருஷமும் இல்லை. சொந்த நாடான கனடாவில் விண்ணப்பித்த ஆறு மருத்துவக் கல்லூரிகளில் ஆறாவதும் இன்று காலை கையை விரித்துவிட்டது. "தகுதியானவர்கள் பலர் இருந்ததால்…" என்று அதே பழைய கடிதம். முதல் வரிக்கு மேல் படிக்கவில்லை. போன வருஷம் அழுதேன், அதோடு சரி. இந்த முறை எழுந்து போய் இரண்டு துண்டு ஏலக்காய் ரொட்டி சாப்பிட்டேன்.

சமையலறை ஜன்னலில் நின்றால் ஆறு தெரியும். ஆற்றுக்கு அந்தக் கரை அமெரிக்கா. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், பெட்ரோல் போடவும் பாலாடைக்கட்டி வாங்கவும் பாலத்தில் போய் வந்திருக்கிறேன். அங்கே படிக்கப் போகலாம் என்று இதுவரை தோன்றியதில்லை.

சொலாஞ்சிடம் சொன்னேன். அவளும் என்னோடு உயிரியல் படித்தவள், அவளையும் இரண்டு வருஷமாக எல்லாரும் வேண்டாம் என்கிறார்கள். "பாலத்தைத் தாண்டிருவோம்டி தைனா. இங்க நம்ம மூஞ்சி பிடிக்கலைன்னா அங்க காட்டுவோம்" என்றாள்.

ஏப்ரல் 13

அமெரிக்காவில் நூற்றைம்பதுக்கும் மேல் கல்லூரிகள். கனடாக்காரர்களைச் சேர்ப்பவை எவை என்று இணையத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நம்பினால் அம்போ. அதனால் ஒவ்வொன்றாகப் போன் செய்து நோட்டில் எழுதுகிறேன்.

ஒருவர்: "கனடாவா? நீங்க வெளிநாடா உள்நாடா?" அதைத்தானே ஐயா நான் உங்களிடம் கேட்கிறேன்!

மதியம் முதியோர் இல்லத்தில் வேலை. இடைவேளையில் வெளியே பனியில் நின்று கென்டக்கி மலைப்பக்கம் ஒரு சிறிய கல்லூரிக்குப் பேசினேன். எடுத்த அம்மாள் பெயர் லர்லீன். "கனடாலேருந்து யாரும் கேட்டதே இல்லையே கண்ணு. இரு, உள்ள கேட்டுட்டு வரேன்." பல் தந்தியடிக்கக் காத்திருந்தேன். "எடுக்கலாமாம் கண்ணு. இதுவரை யாரையும் எடுத்ததில்ல, அவ்வளவுதான்."

நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதாமல் விட மனசு வரவில்லை.

ஏப்ரல் 16

வடிகட்டியதில் மிஞ்சியது இருபத்திரண்டு. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ கனடாக்காரர்களை எடுத்தால் அதிகம்.

சொலாஞ்ச் நோட்டை மூடிவிட்டு ஒரு விஷயம் சொன்னாள், காபி ஆறிப்போனது. "ஒரே ஊரு. ஒரே பேராசிரியர் கடிதம். மார்க்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். ரெண்டு பேரும் ஒரே இடத்துக்குப் போட்டா, பக்கத்துல பக்கத்துல வச்சு ஒருத்தியத் தூக்கிப் போடுவான். அந்த ஒருத்தி நானாவோ நீயாவோ இருக்கணுமா?"

ஆளுக்குப் பதினொன்று பிரித்துக்கொள்வது, ஒருத்தியின் கல்லூரியில் மற்றவள் கால் வைக்கக் கூடாது என்று முடிவு.

எப்படிப் பிரிப்பது? இருவருக்கும் ஒரே ஆசை: ஏரிக்கரைக் கல்லூரி. பாலத்தைத் தாண்டினால் காரில் நாலு மணி நேரம். சிறிய ஊர்களுக்கு மருத்துவர்களை உருவாக்குவதே அதன் வேலை. எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் குடும்ப மருத்துவர் இல்லை, அப்பாவுக்கும் இல்லை. நான் படிக்க நினைப்பதே இதற்குத்தான். எனக்கு அது வேண்டும். வெட்கப்படாமல் எழுதுகிறேன், வேறு எதுவும் அவ்வளவு வேண்டாம்.

ஏப்ரல் 17

தெருவில் ஹாக்கி ஆடும்போது அணி பிரிப்பது போலவே பிரித்தோம். எல்லாருடைய மட்டையையும் நடுவில் குவித்து, ஒருவன் தொப்பியைக் கண்ணுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வீசுவான். யார் மட்டை எங்கே விழுகிறதோ அதுதான் அவன் அணி. அதற்கு மேல் பேச்சில்லை.

மட்டைக்குப் பதில் ஐஸ் குச்சிகள். சொலாஞ்ச் தடித்த பேனாவால் பெயர்களை எழுதி, அடுக்கி அப்பாவிடம் கொடுத்தாள். கென்டக்கியைப் பார்த்துச் சிரித்தாள். "இதையுமாடி சேர்க்கிற?" "லர்லீன் கண்ணுன்னு கூப்பிட்டாங்கடி, எப்படி விடறது?"

அப்பா நகராட்சியில் பனி தள்ளும் லாரி ஓட்டுபவர். கார் ஷெட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேலைக்குப் போடும் கறுப்புத் தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டார். அம்மா பின்னியது. காதுப் பக்கம் கிழிந்த இடத்தைச் சிவப்பு நூலால் தைத்திருக்கிறாள். "ரெண்டு பேரும் அப்புறம் எங்கிட்ட வந்து மூக்கச் சிந்தக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார்.

இடம், வலம், இடம், வலம். பதினேழாவது குச்சி ஏரிக்கரை. சொலாஞ்ச் பக்கம் விழுந்தது.

கென்டக்கி என் பக்கம்.

ஏப்ரல் 18

விழுந்தது விழுந்ததுதான்.

மே 31

எல்லாக் கல்லூரிகளுக்கும் இணையத்தில் ஒரே விண்ணப்பம்தான், அனுப்பியாயிற்று. கல்லூரிகளின் பட்டியலில் ஏரிக்கரையின் பெயர் இருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். தொட்டால் போதும். பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பின்னால் வந்து நின்றாள். "ஒரு பொத்தான் அழுத்துனா முடிஞ்சுது. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"இந்தத் திமிரு யாருகிட்டேருந்துடி வந்துச்சு உனக்கு?" என்று கேட்டுவிட்டு அப்பா இருந்த திசையில் முறைத்தாள்.

பதினொன்றுக்கு மட்டும் அனுப்பினேன். எனக்கே என்னை ரொம்பப் பிடித்திருந்தது.

ஆகஸ்ட் 6

ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகக் கட்டுரை கேட்கிறது. என்னைப் பற்றி நானே எழுதவேண்டுமாம். முதியோர் இல்லத்தில் சாப்பிட மறுத்த ஒருவரை ஒரு மாதத்தில் சாப்பிட வைத்ததை எழுதினேன். சொலாஞ்ச் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"'நாங்கள் முயன்றோம், நாங்கள் கற்றோம்.' யாருடி அந்த நாங்கள்? நீயும் உன் நிழலுமா?"

"நான், நான்னு எழுத ஒரு மாதிரி இருக்குடி."

"நீதான செஞ்ச? அப்ப நான்னு எழுது. அமெரிக்காக்காரன் மூணு நாள் நாய் குளிப்பாட்டினதை மூணு பக்கம் எழுதறான்."

எழுதினேன். "நான் ஊட்டினேன். நான் விடவில்லை." எழுதி முடித்துப் படித்தால், பரவாயில்லை, நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறேன்.

அக்டோபர் 4

சொலாஞ்சுக்கு ஏரிக்கரையிலிருந்து நேர்காணல் அழைப்பு! குதித்தாள். நானும் குதித்தேன். பாதிக் குதிப்பு உண்மை.

அவளைப் பயிற்றுவிப்பது யார்? நான்தான். ஒரு வாரமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் பேராசிரியர், அவள் மாணவி. "எங்கள் கல்லூரியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்கிறேன். என் பதிலை அவளுக்குச் சொல்லித் தருகிறேன். நடுவில் எழுந்து போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன். சளி என்றேன்.

டிசம்பர் 19

பதினொன்றில் ஒன்பது முடிந்தது. ஒன்பதும் வேண்டாம் என்றுவிட்டன.

ஜனவரி 14

சொலாஞ்சுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஏரிக்கரை.

"உன்னாலதான்டி, நீ சொல்லிக் கொடுத்ததத்தான் சொன்னேன்" என்று போனில் அழுதாள். வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் அவள் நாலு முறை கூப்பிட்டாள், எடுக்கவில்லை.

குச்சிகளை அடுக்கிக் கொடுத்தது யார்? அவள்தானே. இடம், வலம், இடம், வலம். ஒற்றை எண்ணெல்லாம் ஒரு பக்கம் விழும் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். பதினேழாவதாக வைத்தால் யார் பக்கம் விழும்? ஐயோ. ஒன்பது மாதம் இது எனக்கு உறைக்கவே இல்லையே. என்ன மக்கு நான்! பேனா அவள் கையில், அடுக்கு அவள் கையில், சிரிப்பு வேற. நான் போயி பொத்தானத் தொடாம பெருமையா உக்காந்திருக்கேன், ச்சீ.

ஜனவரி 15

காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். "எங்க?" என்றார் அப்பா. பனி தள்ளிவிட்டு அப்போதுதான் வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். சொன்னேன், எல்லாவற்றையும் கொட்டினேன். அடுக்கு, பதினேழு, சொலாஞ்ச். அவளை முகத்துக்கு நேரே கேட்கப் போகிறேன் என்றேன்.

அப்பா ஒரு காலில் பூட்ஸோடு எழுந்து வந்து கதவை மறித்து நின்றார்.

"அவ அடுக்கினத நான் கலைச்சேன்" என்றார். "சீட்டு மாதிரி. நீ பாக்கல."

"பொய்."

"அந்தத் தொப்பி நைஞ்சு போனது, தைனா. கண்ணு தெரிஞ்சுது. அந்தக் குச்சி கைக்கு வந்ததும் பேரப் படிச்சேன்."

"படிச்சுட்டு?"

"அவ பக்கம் போட்டேன்."

"ஏன்? நான்தானே உங்க பொண்ணு!"

"அதனாலதான். பாத்துட்டு எம்பொண்ணுக்குப் போட்டா அதுக்குப் பேரு வேற. கை வரல. நீ திட்டுறதுன்னா என்னத் திட்டு. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

திட்டினேன். எழுத முடியாததெல்லாம் சொன்னேன். கண்ணு தெரியுதுன்னு சொல்லி வேற தொப்பி கேட்டிருக்கலாமே? அம்மாவ எறியச் சொல்லியிருக்கலாமே? என் வாழ்க்கைய வச்சுத்தானா உங்க நேர்மையக் காட்டணும்? அவர் இன்னொரு பூட்ஸைக் கழற்றினார்.

ஜனவரி 16

அப்பாவோடு பேச்சில்லை. சொலாஞ்சைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. "லூசு" என்றாள்.

ஜனவரி 25

பத்து நாள் ஆயிற்று. இன்று முதியோர் இல்லத்தில் ஒருவருக்கு ஊட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று தோன்றியது: எத்தனை அப்பாக்கள் அப்படிப் போட்டிருப்பார்கள்? கண் தெரிந்தும், யாரும் பார்க்காதபோதும்? நான் அந்தக் கட்டத்தைத் தொடாமல் இருந்ததற்கு எவ்வளவு பெருமைப்பட்டேன். அது எங்கிருந்து வந்தது என்று அம்மா அன்றைக்கே முறைத்துக் காட்டினாளே.

வீட்டுக்கு வந்து, "காபி வேணுமாப்பா?" என்றேன். "கொஞ்சமா" என்றார். அவ்வளவுதான் சமாதானம்.

பிப்ரவரி 20

கென்டக்கி நேர்காணலுக்குக் கூப்பிட்டது! இரண்டு விமானம், ஒரு பேருந்து ஏறி இன்று வந்து சேர்ந்தேன். வாசலில் குட்டையாக ஒரு அம்மாள். "பனியில நின்னு போன் பண்ணின பொண்ணு நீதானே? பல்லு ஆடின சத்தம் எனக்கு இங்க கேட்டுச்சு கண்ணு." லர்லீன்! கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

உள்ளே மூன்று பேர். மூத்த மருத்துவர் ஒருவர் கேட்டார், "எங்களை ஏம்மா தேர்ந்தெடுத்தீங்க?" தயார் செய்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஏனோ உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"நான் தேர்ந்தெடுக்கல சார். எங்கப்பா எறிஞ்சாரு."

முழுக்கதையும் சொன்னேன். குச்சி, தொப்பி, அப்பா பார்த்துவிட்டு எனக்குப் போடாதது. "யாருக்கும் தெரியாம அந்தக் கல்லூரிக்கும் நீங்க விண்ணப்பிச்சிருக்கலாமே?" என்றார் இன்னொருவர்.

"போட்டிருக்கலாம். ஆனா அப்புறம் நான் எதச் சொல்லிப் பெருமப்படுறது?"

மூத்தவர் சிரித்தார். இந்த மலைப்பக்கத்திலும் பாதிப் பேருக்கு மருத்துவர் இல்லையாம். எங்கள் ஊரை அப்படியே தூக்கி மலைமேல் வைத்தது போல இருந்தது. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருந்தேன். வேண்டும் என்று தோன்றியது. குச்சி விழுந்ததற்காக இல்லை, எனக்கே வேண்டும்.

மார்ச் 15

கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது. அந்தக் கல்லூரியின் முதல் கனடாக்காரி நான். நான், நான், நான்!

ஆகஸ்ட் 3

கென்டக்கி. அறை மூன்றாம் மாடி. மதிய வெயில் சுவரைப் பிளக்கிறது. இரண்டாவது பெட்டியை இன்றுதான் பிரித்தேன். துணிகளுக்கு அடியில் அப்பாவின் கறுப்புத் தொப்பி. "மலைன்னா குளிரும்" என்று அம்மாதான் திணித்திருப்பாள்.

அவர் வாசம் அடித்தது. சிவப்புத் தையலைத் தடவிப் பார்த்தேன். சும்மா, விளையாட்டாக, தலையில் போட்டு மூக்குவரை இழுத்தேன்.

இருட்டு.

ஜன்னலுக்குப் போய் வெயிலில் நேராக நின்று பார்த்தேன். இருட்டுதான். கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். அம்மா இரட்டைப் பின்னலாகப் பின்னியிருக்கிறாள். ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் எதையும் பார்க்கவே இல்லை. அன்று காலை நான் கோட்டைப் போட்டுக்கொண்டு சொலாஞ்சோடு சண்டைக்குக் கிளம்பியதைத்தான் பார்த்தார். பத்து நாள் என் வசவையும் மௌனத்தையும் வாங்கிக்கொண்டார், அவ்வளவு காபியையும் தானே போட்டுக் குடித்தார். நான் மூன்று மருத்துவர்கள் முன்னால் அவருடைய நேர்மையைப் பற்றிப் பெருமையடித்தேன், அது பொய். உண்மை அதைவிடப் பெரிசு.

போன் செய்தேன்.

"அப்பா, உங்க தொப்பி எங்கிட்ட வந்திருக்கு."

"ஓ. உங்கம்மா வச்சாளா?"

"போட்டுப் பாத்தேன்."

அந்தப் பக்கம் ஆற்றில் ஏதோ கப்பல் ஊதியது கேட்டது.

"சொலாஞ்சோட பேசுறியா?" என்றார்.

"தினமும் பேசுறேன்ப்பா. நேத்துக்கூட ஒரு மணி நேரம்."

"அப்புறம் என்ன" என்றார் அப்பா.