எதிர்ப்பக்கம் திரும்பிய நரம்பு

வலங்கைமான்

அன்பு மகள் அஃப்ரீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அத்தாவும் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன், நேற்று போனில் அழுத அழுகையிலேயே தெரிந்துவிட்டது. இங்கே குறுவை நடவு முடிந்ததிலிருந்து உன் அத்தாவுக்கு டீக்கடைதான் வயல். அங்கே உட்கார்ந்து 'எம்மவ ஜெர்மனில பசி நரம்ப ஆராய்ச்சி பண்ணுறா' என்று சொல்லி வைத்திருக்கிறார். உடனே எதிர்வீட்டு இர்ஃபானா மாமி வந்துவிட்டாள், 'பசிக்காம இருக்க ஒரு டப்பா மாத்திரை அனுப்பச் சொல்லு மெஹராஜ், மாடிப்படி ஏற முடியல' என்று. மாத்திரை இல்லை, பசி தூக்கமெல்லாம் பார்த்துக்கொள்ள ஹைப்போதலாமஸ் என்று மூளையில் ஓர் இடம், கருவில் மூளை வளரும்போது அங்கிருந்து நரம்பு இழைகள் நீளுமாம், பக்கத்தில் வளரும் பகுதிகளில் ஒன்று வா என்று இழுக்குமாம், இன்னொன்று வராதே என்று தள்ளுமாம், எது என்ன செய்கிறது என்று எலிக்கருவின் மூளைத் துண்டுகளைத் தட்டில் அருகருகே வைத்துப் பார்க்கிறாள் என்றேன். எலி என்றதும் எழுந்து போனவள்தான், அன்று முழுக்கச் சோறே இறங்கவில்லையாம். ஆக, உன் ஆராய்ச்சி வலங்கைமானில் பலித்துவிட்டது.

சரி, உன் அழுகைக்கு வருகிறேன். பக்கத்துத் துண்டை நோக்கி இழை வரும் என்று நினைத்தாய், அது எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது, அவ்வளவுதானே? அதற்காகவா எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வருகிறேன் என்கிறாய்? இதுவும் ஒரு பதில்தான், இன்னும் ஒரு வருஷம் இருந்து பார் என்று உன் புரொபசரம்மா சொன்னதாக நீதானே சொன்னாய். ஆறாவது படிக்கும்போது கணக்கில் நினைத்த விடை வராவிட்டால் பேப்பரைக் கிழிப்பாய், விமானம் ஏறியும் அந்தக் குணம் போகவில்லை. முதலில் ஒழுங்காகச் சாப்பிடு. பசியைப் பற்றிப் படிக்கிறவள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்தால் ஊர் சிரிக்காதா?

உன் அத்தா பேச்சைக் கேட்காதே. 'வரட்டும், எம்புள்ளைக்கு என்ன கொறச்சல்' என்று மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆளுக்கே சொல்லிவிட்டார். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? நீ இல்லாமல் இரண்டு பெருநாள் போய்விட்டது, பிரியாணி சட்டியைத் திறந்தாலே கண் கலங்குகிறது. ஆனால் இப்போது ஓடி வந்தால், வந்த கொஞ்ச நாளிலேயே அந்த வேலையை நினைத்து ஏங்குவாய், அந்த முகத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றாயே, அதனால்தான் இதைத் தபாலில் போடாமல் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். இருக்கிறேன் என்றே எழுதிக் கொடு.

அல்லாஹ் உன் கைக்கு பரக்கத்தும் மனதுக்குத் தெம்பும் தரட்டும். தொழுகையை விடாதே, தலைக்கு எண்ணெய் வை. எழுதிக் கொடுத்த பிறகு போன் பண்ணு. அதற்கு முன்னால் வேண்டாம் கண்ணு, உன் குரலைக் கேட்டால் வந்துவிடு என்று சொல்லிவிடுவேன்.

ஐந்து வேளையும் உனக்காக துஆ கேட்கும் அம்மா,
மெஹராஜ் பேகம்