என் வரியை வெட்டச் சொன்னது யார்?

2009, மார்ச் 9, திங்கள்

என் வீட்டுக்காரன் லாயல் செத்து ஐந்து வாரம். இன்றும் இரண்டு பேருக்கு முட்டை பொரித்துவிட்டேன். அவன் பங்கையும் நானே தின்றேன்.

பக்கத்துப் பண்ணை கிளெனிஸ் சிட்னி பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தாள். லாயலைப் பற்றி அரைப் பக்கம். நான் ஆறாம் வகுப்போடு நின்று, ஆட்டுமயிர் கத்தரிக்கிறவர்களுக்குச் சமைக்கப் போனவள். விரல் வைத்துத்தான் வாசிக்க முடியும். "சிரிப்புக்குள் கண்ணீரை ஒளித்த தனிமைக் கவிஞன்" என்று போட்டிருக்கிறான். யாரு, எங்க லாயலா? தனிமையாம்! பெட்ரோல் போடப் போனால்கூட ஒரு மணி நேரம் வாயடித்துவிட்டு வருகிறவன்.

கடைசி வரி: "மனைவியைக் கேலி செய்தே பேர் வாங்கியவர்."

பத்திரிகையை நாய்க்குக் கீழே விரித்தேன்.

மார்ச் 11, புதன்

இன்னும் ஆறவில்லை. கேலியாம்.

"ஊர் மடையன்" பாட்டை வைத்துத்தான் அப்படி எழுதியிருக்கிறான். எந்த ஊரில் கச்சேரி வைத்தாலும் லாயல் கடைசியில் பாடுவது அதுதான். அதன் மூன்றாம் பத்தியை அவன் எழுதி வைத்ததே கிடையாது. மதியமே அந்த ஊருக்குப் போய் இறைச்சிக்கடையில் நிற்பான், மதுக்கடையில் உட்காருவான். இந்த வாரம் இங்கே யார் என்ன கிறுக்குத்தனம் பண்ணினார்கள் என்று கேட்பான். ராத்திரி அந்த ஆள் பேரை வைத்துப் பாடுவான். பேர் வந்த ஆள் நாற்காலி மேல் ஏறிக் கும்பிடு போட வேண்டும். அது வழக்கம். என் பேர் வரலையே என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவர்களைத்தான் பார்த்திருக்கிறேன், வந்ததே என்று அழுதவர்களைப் பார்த்ததில்லை.

இசைத்தட்டு எடுக்க சிட்னிக்குப் போனபோது அங்கே அவனுக்கு யாரைத் தெரியும்? அந்த வாரம் நான் வண்டியைப் பின்னால் எடுத்து அவன் கிட்டார் மேல் ஏற்றியிருந்தேன். அதையே பாடிவிட்டான்.

ரிவர்ஸ் எடுத்தா எங்க மெர்லு, கிட்டார் ஆச்சு விறகு,
அழுது நிக்கேன், கேக்குறா, "வண்டிக்கு ஒண்ணும் ஆகலியே?" பிறகு.

நிஜமாகவே அப்படித்தான் கேட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

இசைக் கம்பெனியிலிருந்து ஆலிவர் ஃபென்விக் என்று ஒருவன் வந்தான். வெள்ளைக் காலணி. சனி 28 நம் மெரிண்டல் ஊர் மன்றத்தில் லாயலுக்கு அஞ்சலிக் கச்சேரி. அதைப் பதிவு செய்து இசைத்தட்டு, கூடவே பாட்டுப் புத்தகம். நான் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே வருமாம். டெஸ்ஸா என்ற பெண் "ஊர் மடையன்" பாடியதைப் போட்டுக் காட்டினான். நல்ல குரல்தான். ஆனால் வயலினோடு, இழுத்து இழுத்து, சவ வண்டிக்குப் பின்னால் நடக்கிற மாதிரி. இரண்டு பத்தியோடு நின்றுவிட்டது.

"மூணாவது எங்கப்பா?"

"அதை எடுத்துட்டோம், மெர்ல். மனைவியைக் கிண்டல் பண்றதை இப்ப யாரும் ரசிக்க மாட்டாங்க. உங்க மரியாதைக்காகத்தான்."

"என் மரியாதைக்கா? என்கிட்ட கேட்டியா?"

"நீங்க துக்கத்துல இருக்கீங்க..."

இருக்கேன்தான். அதனால அறிவு போயிடுச்சா? கேலி பட்டது நான். வெட்டுறது யார்? எனக்காகவாம்! முப்பது வருஷமா இசைத்தட்டுல என்னைப் பேர் சொல்லிப் பாடினவன் செத்தான். இவன் வந்து என் பேரையும் சேர்த்துப் புதைக்கிறான்.

கையெழுத்துப் போடவில்லை. யோசியுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

மார்ச் 18, புதன்

வெள்ளைக் காலணி நேற்று போகும்போது வாசல் கேட்டைச் சாத்தவே இல்லை! திறந்த கேட்டைத் திரும்பச் சாத்தணும்னு மூணு வயசுப் பிள்ளைக்குக்கூட இங்கே தெரியும். என் அறுபது ஆடும் நெடுஞ்சாலை வழியாக ஊருக்குள் நடந்து, போலீஸ் ஸ்டேஷன் புல்லை மேய்ந்திருக்கின்றன. ஓட்டிவர நானும் கிளெனிஸும் மதியம் வரை அலைந்தோம்.

மார்ச் 22, ஞாயிறு

கால் வலி. எழுத மனசில்லை.

மார்ச் 28, சனி

தூக்கம் வராது, எழுதிவிடுகிறேன்.

மன்றம் நிறைந்துவிட்டது. பெண்கள் வழக்கம்போல் ஆளுக்கொரு தட்டுப் பலகாரம் கொண்டுவந்தார்கள். ஆனால் யாருமே பேசவில்லை. லாயல் கச்சேரியில் பேசாத கூட்டம்! கடைசியாக டெஸ்ஸா அந்தப் பாட்டைப் பாடினாள். எல்லாரும் தலை குனிந்து, தேவாலயத்தில் உட்கார்ந்த மாதிரி. இரண்டாம் பத்தி முடிந்தது, வயலின் ஓய்ந்தது. இரண்டு பேர் மூக்கு சிந்தினார்கள். அந்தச் சத்தம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

எழுந்துவிட்டேன். "இருங்க எல்லாரும். பாட்டு இன்னும் முடியல."

எனக்குப் பாட வராது. தகர டப்பாவில் கல்லைப் போட்ட குரல். இருந்தாலும் மேடை ஏறிப் பாடினேன்.

கேட்டைத் திறந்து போட்டுப் போனான் ஆலிவர், சிட்னித் துரை,
அறுபது ஆடு புகார் சொல்லப் போச்சு போலீஸ் ஸ்டேஷன் வரை!

பின்வரிசையில் இறைச்சிக்கடை கெவ், "ஏத்துங்கடா அந்த ஆளை நாற்காலியில!" என்று கத்தினான். மன்றமே கால்களால் தரையை இடித்தது. ஆலிவர் முகம் பீட்ரூட். தப்பித்துக் கதவுப் பக்கம் போவான் என்று நினைத்தேன். இல்லை. ஏறினான். இடுப்பு வரை குனிந்து கும்பிடு போட்டான். "சாத்திட்டு வரட்டுமா, மெர்ல்?" என்று கேட்டான் பாவி. டெஸ்ஸா சிரிப்பு தாங்காமல் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவே பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். பழக்கம். அவன் இல்லை.

அதற்கு மேல் மேடையில் நிற்க முடியவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

ஆலிவர் தொலைபேசியில் கூப்பிட்டான். கச்சேரியில் நடந்தது நடந்தபடியே இசைத்தட்டில் வருமாம். "புத்தகத்துல மூணாம் பத்தியை எப்படிப் போடறது, மெர்ல்?" என்றான்.

"ரெண்டு கோடு போட்டுக் காலியா விடு. வாங்குறவங்க ஊர்ல மடையனா இல்ல?"

கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

கிளெனிஸ் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. டீசல் டிராக்டரில் பெட்ரோலை ஊற்றிவிட்டாளாம், வண்டி முக்கி முனகி வயல் நடுவில் நிற்கிறதாம். அதற்குப் பிறகும் மூன்று தடவை முடுக்கிப் பார்த்திருக்கிறாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாத, மெர்ல். புருஷனுக்கே தெரியாது."

"சொல்லல."

தேநீரைக் குடித்தாள். போகவில்லை. கதவு வரை போய்த் திரும்பி நின்றாள்.

"ஏன், பாட்டுக்கு எழுதி வச்சுக்க மாட்டியா?"

எழுதிக்கொண்டேன்.